இரண்டு போர்ஜியாத் தொடர்கள்: ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்?

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் 'தி போர்ஜியாஸ்' தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சின் கனால் பிளஸ் சேனலில் 'போர்ஜியா' தொடங்கியது. ஒரே குடும்பம், ஒரே ரோம், இரண்டுக்கும் தொடக்கம் அதே 1492. இரண்டுமே ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டவை, இரண்டுமே மூன்று சீசனில் நின்றவை. பெயரிலும் பெரிய வித்தியாசம் இல்லாததால், ஒன்றைத் தேடிப்போய் இன்னொன்றைப் பார்த்தவர்கள் பலர் உண்டு.

போன மாதம் என் தங்கை போனில் கேட்டாள்: "அண்ணா, ரெண்டையும் பார்க்க எனக்கு நேரமில்ல. எதைப் பார்க்கட்டும்?" அன்றைக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். முழுப் பதில் கொஞ்சம் நீளம். முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் என்றால் ஐரோப்பியத் தொடரைப் பார்க்க வேண்டும். நடிப்பில் அமெரிக்கத் தொடர்தான் ஒரு படி மேல், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியிருந்தும் ஏன் மற்றதைச் சொல்கிறேன் என்பதற்கு லுக்ரேசியாதான் காரணம். அவளிடம் பிறகு வருகிறேன்.

முதலில் குடும்பம். ரோட்ரிகோ போர்ஜியா 1431இல் ஸ்பெயினின் வலென்சியா பக்கம் ஷாத்திவா ஊரில் பிறந்தவர். அவருடைய மாமா 1455இல் மூன்றாம் கலிஸ்டஸ் என்ற பெயரில் போப் ஆனார். மருமகனுக்குப் போப்புக்கு அடுத்த நிலையான கர்தினால் பதவி வந்தது அந்த வழியில்தான். பிறகு பல போப்புகளின் காலத்தில் திருச்சபையின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்து, 1492 ஆகஸ்ட் 11இல் ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் தானே போப் ஆனார். அப்போது வயது 61. வனோஸ்ஸா என்ற பெண்ணிடம் பிறந்த நான்கு பிள்ளைகள் செசாரே, ஹுவான், லுக்ரேசியா, ஜோஃப்ரே. போப்புக்குப் பிள்ளைகளா என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காலத்து ரோமில் அது அவ்வளவு அபூர்வம் இல்லை. இவர் மறைக்காமல் அவர்களை அருகிலேயே வைத்துக்கொண்டதும், பதவியும் நிலமும் அள்ளிக் கொடுத்ததும்தான் மற்றவர்களை எரிச்சல்படுத்தியது. இந்தக் குடும்பத்திலிருந்து ஒரு புனிதரும் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இயேசு சபையின் மூன்றாவது தலைவரான பிரான்சிஸ் போர்ஜியா இதே போப்பின் கொள்ளுப்பேரன், ஹுவானின் வழி வந்தவர்.

அமெரிக்கத் தொடரை உருவாக்கியவர் நீல் ஜோர்டன், அயர்லாந்துக்காரர், திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கியவர். அவருக்கு இது ஒரு குடும்பக் கதை. அப்பா பிள்ளைகளை எப்படி நேசிக்கிறார், அந்த நேசம் அவர்களை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். ஐரோப்பியத் தொடரை உருவாக்கியவர் அமெரிக்கரான டாம் ஃபொன்டானா. இதற்கு முன்னால் ஒரு சிறைச்சாலைக்குள்ளேயே நடக்கும் தொடரை ஆறு சீசன் எழுதியவர் அவர். வெளிக்கதவு பூட்டிய ஓர் இடத்துக்குள் மனிதர்கள் எப்படிப் பேரம் பேசுவார்கள், எப்படிக் காட்டிக் கொடுப்பார்கள், ராத்திரி தனியாக இருக்கும்போது எப்படி ஜெபிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த அனுபவத்தோடு வத்திக்கானுக்குள் போகிறார்.

போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை வைத்தே இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். ஜோர்டன் அதை முதல் எபிசோடிலேயே முடித்துவிடுகிறார். புறாக்கள் பறக்கின்றன, உணவுத் தட்டுக்குள் ஒளித்த லஞ்சம் உள்ளே போகிறது, வாக்குகள் ஏறுகின்றன, ஜெரமி அயர்ன்ஸ் போப் ஆகிவிடுகிறார். சுறுசுறுப்பான, கண்ணுக்கு இனிய ஒரு மணி நேரம். ஃபொன்டானாவோ பழைய போப் எட்டாம் இன்னொசென்டின் மரணப் படுக்கையிலேயே நம்மை நிற்க வைக்கிறார். கூட்டம் தொடங்கிய பிறகும் அவசரமே இல்லை. எந்தக் கர்தினாலுக்கு எந்த மடாலயத்தின் வருமானம், யாருக்கு எந்த ஊர், யார் யாருக்குப் பழைய பகை என்று ஒவ்வொன்றாக வைத்து நகர்த்துகிறார். உண்மையில் அந்தத் தேர்தலில் 23 கர்தினால்கள் இருந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு என்றால் 16 வாக்கு வேண்டும். கர்தினால் அஸ்கானியோ ஸ்ஃபோர்ஸா தன் ஆதரவைக் கொடுத்து, திருச்சபை நிர்வாகத்தை நடத்த ரோட்ரிகோ வைத்திருந்த துணை வேந்தர் பதவியையும் அவருடைய அரண்மனையையும் வாங்கிக்கொண்டார். நான்கு கழுதை சுமந்த வெள்ளி அவர் வீட்டுக்குப் போனதாகவும் அப்போதே ஊரில் பேச்சு இருந்தது. இந்தக் கணக்குகளில் ருசி உள்ளவர்களுக்கு ஃபொன்டானாவின் முதல் எபிசோடுகள் விருந்து. ருசி இல்லாதவர்களுக்கு அவை இழுவை. என் தங்கை வங்கியில் வேலை செய்பவள், அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, நடிப்பு. அயர்ன்ஸின் போப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் குரல் தாழும்போது எதிரில் நிற்பவர் மட்டுமல்ல, நாமும் கொஞ்சம் முன்னால் சாய்கிறோம். மகன்களில் ஒருவனை அதிகம் நேசித்து இன்னொருவனை அதிகம் நம்பும் அப்பாவின் தர்மசங்கடம் அவர் முகத்தில் ஓடுவதை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. வத்திக்கானில் பின்டுரிக்கியோ வரைந்த சுவரோவியத்தில் நிஜமான அலெக்சாண்டர் முழந்தாளிட்டு இருக்கிறார். கனத்த உடம்பு, வளைந்த பெரிய மூக்கு, தொங்கும் தாடை. ஒல்லியான அயர்ன்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு குறையாகவே தெரியாத அளவுக்கு நடித்திருக்கிறார்.

ஃபொன்டானாவின் ரோட்ரிகோ ஜான் டோமன். அமெரிக்கத் தொடர்களில் கடுகடுப்பான போலீஸ் அதிகாரியாக வருவாரே, அவர்தான். போப்பின் அங்கியோடு அமெரிக்க உச்சரிப்பில் அவர் பேசத் தொடங்கும்போது பலர் தொடரையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஒன்று புரிந்தது. போர்ஜியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வலென்சியா பக்கத்துக் கட்டலன் மொழி. "அந்தக் கட்டலன்காரர்கள்" என்றுதான் ரோமானியர்கள் அவர்களை இளக்காரமாகச் சொன்னார்கள். இத்தாலியின் பழைய குடும்பங்களுக்கு நடுவே கடைசி வரை வெளியூர்க்காரர்கள். டோமனின் பேச்சு மற்றவர்களோடு ஒட்டாமல் தனியாக நிற்பது அந்த உண்மைக்கு நெருக்கமாகிவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவருடைய ரோட்ரிகோ கடவுளை நிஜமாகவே நம்புகிறார். பாவம் செய்துவிட்டு அதே கையால் ஜெபமாலை உருட்டும்போது அது நடிப்பு இல்லை என்று நமக்குத் தெரிகிறது. நிஜ மனிதருக்கும் மாதாவின் மேல் ஆழமான பக்தி இருந்தது. அயர்ன்ஸின் போப்புக்கு இறைநம்பிக்கை அணிந்துகொண்ட ஆடை மாதிரி, டோமனுக்கு அது பயம்.

செசாரே விஷயத்தில் என் வாக்கு ஜோர்டனுக்கு. ஃப்ரான்சுவா ஆர்னோ கர்தினால் உடுப்புக்குள் அடைபட்ட படைவீரனாகவே இருக்கிறார். பக்கத்தில் கொலையாளி மிக்கெலெட்டோவாக வரும் ஷான் ஹாரிஸ் அதிகம் பேசுவதில்லை, பேசாமலேயே தொடரின் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். (நிஜ மிக்கெலெட்டோவின் பெயர் மிகெல் தெ கொரெல்லா, அவனும் வலென்சியாக்காரன், கூலிக்குக் கிடைத்த ஆள் அல்ல.) ஃபொன்டானாவின் மார்க் ரைடர் முதல் சீசனில் எதற்கெடுத்தாலும் கத்துகிறார். மூன்றாவது சீசனுக்குள் அந்தக் கத்தல் அடங்கி, பார்க்கவே பயமாக இருக்கும் ஒரு ஆளாக மாறுகிறார். ஆனால் அதுவரை பொறுக்க வேண்டும்.

வரலாறு பக்கம் வந்தால் ஜோர்டன் மிகவும் தாராளம். அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி 1494இல் ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சிகளுக்கு ஆலோசனை சொல்பவராக வருகிறார். உண்மையில் அவருக்கு ஃபிளாரன்ஸ் அரசில் வேலை கிடைத்ததே 1498இல், போப்பை எதிர்த்த துறவி சவொனரோலாவைத் தூக்கிலிட்டு எரித்ததற்கு அப்புறம். துருக்கி சுல்தானின் தம்பி ஜெம் 1489 முதலே ரோமில் பிணையாக இருந்தவன். 1495இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் அவனைக் கூட்டிக்கொண்டு நேப்பிள்ஸ் போனபோது நோய் கண்டு இறந்தான். தொடரில் அவன் முதல் சீசனிலேயே போர்ஜியாக்களின் கையால் சாகிறான். ஃபோர்லி ஊரை ஆண்ட கத்தரீனா ஸ்ஃபோர்ஸா, பிணையாகப் பிடித்த பிள்ளைகளைக் கொல்வோம் என்று எதிரிகள் மிரட்டியபோது கோட்டை மதில்மேல் நின்று பாவாடையைத் தூக்கிக் காட்டி, "இன்னும் பிள்ளைகள் பெற்றுக்கொள்வேன்" என்று சவால் விட்டதாகச் சொல்லப்படும் கதை 1488ஐச் சேர்ந்தது. அதைத் தொடர் ஹுவானின் முற்றுகையில் வைக்கிறது. ஹுவான் ஃபோர்லி பக்கமே போனதில்லை. அவன் சண்டையிட்டது ரோமின் பழைய பிரபுக் குடும்பமான ஓர்சினிகளோடு, அதிலும் 1497 ஜனவரியில் சொரியானோவில் தோற்றான்.

இவற்றையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். நாடகத்துக்கு ஆண்டுகளை நெருக்கித்தான் ஆக வேண்டும். ஹுவானின் கொலையைக்கூட மன்னிக்கிறேன், அங்கே ஜோர்டன் செய்தது துணிச்சல். நடந்தது இது. 1497 ஜூன் 14 இரவு, அம்மா வீட்டு விருந்திலிருந்து திரும்பும் வழியில் ஹுவான் காணாமல் போனான். டைபர் ஆற்றங்கரையில் மரம் இறக்கும் ஒரு வியாபாரி, வெள்ளைக் குதிரையில் ஒரு பிணத்தைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டதைப் பார்த்ததாகச் சொன்னான். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இந்த இடத்தில் நூறு பிணமாவது விழுந்து பார்த்திருக்கிறேன், யாரும் வந்து கேட்டதில்லை என்றான். வலை வீசித் தேடினார்கள். உடம்பில் ஒன்பது குத்து. இடுப்புப் பையில் 30 டூகட் பொற்காசு அப்படியே இருந்தது, அதனால் வழிப்பறி இல்லை. போப் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதார், சில நாள் சாப்பிடவில்லை. பிறகு வெளியே வந்து திருச்சபையைச் சீர்திருத்த ஒரு கர்தினால் குழுவையே அமைத்தார். அந்தச் சீர்திருத்தம் எழுத்தோடு நின்றுபோனது. கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. முதலில் சந்தேகப்பட்டது ஓர்சினிகளை, அஸ்கானியோவை. செசாரேயின் பெயர் பல மாதங்கள் கழித்துத்தான் அடிபட்டது. ஜோர்டன் அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு, செசாரேயே தம்பியைக் குத்துவதாகக் காட்டுகிறார். இரண்டாவது சீசனின் அந்தப் பகுதிக்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம், அயர்ன்ஸ் அங்கே உச்சத்தில் இருக்கிறார்.

என்னால் மன்னிக்க முடியாதது லுக்ரேசியாவுக்கு நடந்தது.

அவளைப் பற்றிய பெரிய அவதூறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கும் கோபம் வரும். 13 வயதில் அவளைப் பெசாரோ ஊரை ஆண்ட ஜியோவான்னி ஸ்ஃபோர்ஸாவுக்குக் கட்டிவைத்தார்கள். நான்கு வருடத்தில் அந்தக் கூட்டணி அப்பாவுக்குப் பயன்படாமல் போனது. திருமணத்தை ரத்துசெய்ய ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக, தனக்கு ஆண்மை இல்லை என்று ஜியோவான்னியையே எழுதிக் கொடுக்க வைத்தார்கள். அவனுடைய முதல் மனைவியோ பிரசவத்தில் இறந்தவள்! ஊரே சிரித்தது. அந்த அவமானத்தில் அவன், போப் தன் மகளைத் தனக்கே வைத்துக்கொள்ளத்தான் பிரிக்கிறார் என்று சொன்னான். பழிவாங்கப்பட்ட ஒரு கணவன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை தூதர்களின் கடிதங்களில் ஏறி, எதிரிகளின் கவிதைகளில் ஏறி, அண்ணன்மேலும் படர்ந்து, 500 வருடமாக அவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதாரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

ஜோர்டனின் தொடர் அந்த அண்ணன்-தங்கை வதந்தியை முதல் எபிசோடிலிருந்தே பார்வைகளில் வளர்த்து, மூன்றாவது சீசனில் நடந்ததாகவே காட்டிவிடுகிறது. ஹாலிடே கிரெய்ஞ்சர் மிக அருமையாக நடித்திருப்பதால் அது இன்னும் வலிக்கிறது. அவளுடைய முதல் கணவனைக் கொடூரனாக்கி, குதிரை லாயப் பையனோடு ஒரு காதலைச் சேர்த்து, அவள்மேல் நமக்கு இரக்கம் வர எல்லாம் செய்கிறார்கள். ஆனால் தொடர் 1500ஐ ஒட்டிய ஃபோர்லி முற்றுகையோடு நின்றுவிடுகிறது. நான்காவது சீசன் வரை திட்டம் இருந்தது, 2013இல் ஷோடைம் நிறுத்திவிட்டது. மீதிக் கதையை ஜோர்டன் திரைக்கதையாக மின்னூலில் வெளியிட வேண்டியதாயிற்று. திரையில் பார்ப்பவர்களுக்கு லுக்ரேசியா 20 வயதில், இரண்டாவது கணவனின் பிணத்தோடு, அண்ணனின் பிடியில் நிற்கிறாள். பெரும்பாலானவர்கள் மனதில் அவள் அப்படியேதான் தங்குகிறாள்.

நிஜ லுக்ரேசியாவின் வாழ்க்கையில் பாதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. 1499இலேயே, 19 வயதில், ஸ்பொலேட்டோ நகரத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டவள் அவள். கர்தினால்களுக்குத் தரப்படும் பதவி அது. 1501இல் போப் வெளியூர் போனபோது வத்திக்கானின் கடிதப் போக்குவரத்தை அவள் பொறுப்பில் விட்டுப் போனார். 1502இல் அந்த ஊர் ஆட்சிக்கு வாரிசான அல்ஃபோன்சோ டெஸ்டேயின் மனைவியாக ஃபெராராவுக்குப் போனாள். கணவன் போர்க்களத்தில் இருந்தபோது ஆட்சியை நடத்தினாள், மக்களின் மனுக்களை வாங்கிப் பார்த்தாள், சதுப்பு நிலங்களை வாங்கி வடிகால் வெட்டி விளைநிலமாக்கினாள். 1519இல் பிரசவத்துக்குப் பின் 39 வயதில் இறந்தபோது ஃபெராரா மக்கள் நிஜமாகவே துக்கப்பட்டார்கள்.

ஃபொன்டானா இந்தக் குடும்பத்தின் அழுக்கை மறைப்பவர் இல்லை, அவருடைய தொடரிலும் தாராளமாக இருக்கிறது. ஆனால் அவர் 38 எபிசோடுகளில் 1507 வரை போகிறார். அவருடைய லுக்ரேசியா, இசோல்டா டிச்சௌக், சின்னப் பெண்ணாக அறிமுகமாகிறாள். முதலில் நடிப்பு கொஞ்சம் தடுமாறும். ஆனால் அவள் வளர்வதைப் பார்க்க நமக்கு நேரம் கொடுக்கப்படுகிறது. அவள் கதைக்கு ரோமுக்கு வெளியே ஒரு வாசல் இருக்கிறது. ஜோர்டனின் 29 எபிசோடுகளில் அந்த வாசல் இல்லை.

அதே காரணத்தால் அப்பாவின் முடிவும் ஃபொன்டானாவிடம்தான் கிடைக்கிறது. 1503 ஆகஸ்ட், ரோமில் தாங்க முடியாத வெயில். ஒரு கர்தினாலின் தோட்டத்து விருந்துக்குப் போய் வந்த சில நாளில் போப்பும் செசாரேயும் ஒரே நேரத்தில் படுத்தார்கள். விஷம் என்று ஊர் பேசியது, மலேரியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 18ஆம் தேதி போப் இறந்தார். உடல் கறுத்து உப்பிப்போனதால் சவப்பெட்டிக்குள் குத்தி அமுக்க வேண்டியிருந்தது என்று சடங்கு அதிகாரி புர்கார்ட் தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அப்பா இறந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் வழி யோசித்து வைத்திருந்தேன், அந்த நேரத்தில் நானே சாகக் கிடப்பேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை என்று செசாரே பின்னால் மாக்கியவெல்லியிடம் சொன்னான். சில மாதத்தில் பழைய எதிரி டெல்லா ரொவேரே இரண்டாம் ஜூலியஸ் என்று போப் ஆனார். 1507 மார்ச்சில் நவார் நாட்டின் வியானா ஊருக்கு வெளியே, பதுங்கியிருந்தவர்களிடம் தனியாகச் சிக்கி செசாரே செத்தான். இவ்வளவும் இல்லாமல் போர்ஜியாக்களின் கதை பாதிக் கதைதான்.

உடை, அரங்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அமெரிக்கத் தொடர் ஹங்கேரியில் எடுத்தது, கப்ரியெல்லா பெஸ்குச்சியின் உடைகளுக்கு எம்மி விருது கிடைத்தது, பார்த்தாலே ஏன் என்று தெரியும். ஐரோப்பியத் தொடர் பிராக் நகரத்தில் எடுத்தது. அங்கே சுவர்கள் கொஞ்சம் அழுக்காக, அறைகள் கொஞ்சம் இருட்டாக இருக்கும், எனக்கு அந்த ரோம்தான் நம்பும்படி இருக்கிறது. 1981இல் பிபிசியும் பத்துப் பகுதியில் ஒரு போர்ஜியாத் தொடர் எடுத்தது. அதைத் தேடிப் போக வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டும் பெரியவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை. படுக்கைக் காட்சிகளும் சித்திரவதைகளும் நிறைய. வன்முறையில் ஃபொன்டானா இன்னும் கடுமை. பிள்ளைகளோடும் மாமியாரோடும் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற தொடர்கள் இல்லை.

வேலை முடிந்து வந்து அரைத் தூக்கத்தில் பார்ப்பவர்கள், பெயர்களை நினைவில் வைக்கச் சிரமப்படுபவர்கள், நல்ல நடிப்பு மட்டும் போதும் என்பவர்கள் ஜோர்டனிடம் போகலாம். முதல் இரண்டு சீசன் பார்த்துவிட்டு, ஹுவானின் மரணத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு முழுமையான அப்பா-மகன் கதை கிடைத்துவிடும். மூன்றாவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டுக்கும் நேரம் இருக்கிறவர்கள் அப்படி ஆரம்பித்து ஃபொன்டானாவிடம் வருவதே நல்லது. அதற்குள் ஸ்ஃபோர்ஸா, ஓர்சினி, கொலொன்னா, ஃபர்னேசே என்ற பெயர்கள் பழகியிருக்கும்.

என் தங்கைக்கு ஒன்றுக்குத்தான் நேரம். அவளுக்கு நான் சொல்வது ஃபொன்டானா. முதல் எபிசோடில் டோமன் வாயைத் திறந்ததும் நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதே. கர்தினால்கள் உள்ளே போய்க் கதவு சாத்தப்படும் வரை பார். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்.